என் கணவரின் நரிக்கொம்பு

என் கணவரின் பின்மண்டையில் வலது பக்கமாக ஒரு புடைப்பு இருந்தது. எங்கள் ஆட்கள் அதைத் தொட்டுவிட்டுத்தான் நல்ல காரியங்களுக்குப் போவார்கள். வாகன ஓட்டுநர் சோதனைக்குப் போகிறவர், குடியுரிமை நேர்காணலுக்குப் போகிறவர், பிள்ளையை முதன்முதலாகப் பள்ளிக்கூடம் அனுப்புகிற தாய் என்று எல்லோரும் எங்கள் வீட்டுக்கு வருவார்கள். இவர் கதிரையில் இருந்தபடி தலையைக் குனிந்து கொடுப்பார். அவர்கள் முடியை விலக்கி, விரலை வைத்து அழுத்திப் பார்த்துவிட்டு, அந்தக் கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். கோயிலில்கூடச் சாமியைத் தொட விடமாட்டார்கள். எங்கள் வீட்டில் தொடவும் விட்டு, தேத்தண்ணீரும் கொடுத்தோம். தேத்தண்ணீர் போட்டவள் நான்.

நரிக்கொம்பு என்றால் எங்கள் பக்கத்தில் தெரியாதவர்கள் குறைவு. எங்கோ ஒரு நரிக்கு மண்டையோட்டின் பின்பக்கத்தில் சின்னக் கொம்பு ஒன்று முளைக்குமாம். அதை எடுத்து வைத்திருப்பவன் வழக்கில் தோற்கமாட்டானாம், வீட்டில் செல்வம் தங்குமாம். வெள்ளிக் கூட்டுக்குள் எதையோ அடைத்து இடுப்பில் கட்டிக்கொண்டு திரிந்தவர்களை நானும் கண்டிருக்கிறேன். ஆனால் மனிதன் ஒருவனுடைய தலையிலேயே அது முளைத்த அதிசயம் சுவிட்சர்லாந்தில், டாவோஸில்தான் நடந்தது.

அப்போது இவர் அங்கே ஒரு ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். எங்கள் அகதி வழக்கு நிராகரிக்கப்பட்டு, மேன்முறையீடு போட்டுவிட்டு, எந்த நேரமும் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயத்தில் இருந்த காலம். அதே குசினியில் வேலை செய்த தம்பி ஒருவர்தான் எங்கள் ஆண்களுக்கு முடி வெட்டுவார். ஒருநாள் இவருக்கு வெட்டிக்கொண்டிருந்தவர் கத்தரிக்கோலை நிறுத்திவிட்டு, “அண்ணை, உங்களுக்கு நரிக்கொம்பு முளைச்சிருக்கு, இனிப் பயப்பிடாதேங்கோ” என்றார். அடுத்த கிழமையே வழக்கு வென்றது. அன்று எங்கள் அறைக்கு வந்திருந்தவர்கள் எல்லோரும் வரிசையில் நின்று இவருடைய தலையைத் தடவினார்கள். அன்றைக்குத் தொடங்கிய கூத்து அது.

எனக்கு அது பிடிக்காது. விளையாட்டுப் பகிடியாகத் தொடங்கியது போகப்போகப் பகிடியாக இல்லாமல் போனது இன்னும் பிடிக்கவில்லை. அதனால் நான் மட்டும் ஒருநாளும் அதைத் தொட்டதில்லை. “ஒருக்காத் தொட்டுத்தான் பாருமன், உமக்கும் ஏதும் நல்லது நடக்கும்” என்பார் இவர். “உங்களைக் கட்டினதே எனக்குப் போதும்” என்பேன் நான். வருகிறவர்கள் சிலர் தொட்டுப் பார்த்துவிட்டு, “அண்ணை, போன முறையைவிட வளந்திட்டுது” என்பார்கள். இவர் உச்சி குளிர்ந்து போவார். வாசலில் நிற்கிறவர்களிடமும் அதைச் சொல்லுவார்.

என்னுடைய வேலையையும் சொல்லவேண்டும். டாவோஸிலிருந்து ரயிலில் கீழே இறங்கினால் வருகிற பட்டணத்தில், ஒரு சின்ன அருங்காட்சியகத்தில் மிருகங்களின் மண்டையோடுகளைக் கழுவுகிறேன். முதலில் அங்கே தரை துடைக்கத்தான் போனேன். ஷெஃபின் என்று நாங்கள் கூப்பிடும் பெண் மேலாளர்தான், கழுவும் அறைக்கு ஆள் வேண்டும், உனக்கு அருவருப்பு இல்லையென்றால் வா என்றார். இவரைப் போலவே ஹோட்டலில் மற்றவர்கள் தின்றுவிட்டுப்போன கோப்பைகளைக் கழுவியவளுக்கு இதில் என்ன அருவருப்பு. தோலும் இறைச்சியும் நீக்கிய தலையைச் சலவைத்தூள் கரைத்த இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஊறப்போடுவோம். ஒட்டியிருக்கும் தசை கழன்றதும் பல் துலக்கும் பிரஷால் தேய்ப்பேன். பிறகு கொழுப்பை எடுத்து, வெளுக்கவைத்து, காயவைப்பது. எங்கள் ஆட்களுக்குள் என் வேலையைப் பற்றிக் கதை வந்தால் முகத்தைச் சுளிப்பார்கள். செத்த வீட்டுக்குப் போய் வந்தவள் மாதிரி, தினமும் தலை முழுகிவிட்டுத்தான் நான் அடுப்படிக்குள் போவேன். துடக்கென்று யாரும் சொல்லிவிடக் கூடாது பாருங்கள்.

ஆனால் எனக்கு அந்த வேலை பிடித்துப்போய்விட்டது. ஷெஃபின் அதிகம் கதைக்காத மனுஷி. எலும்பைப் பற்றிக் கேட்டால் மட்டும் நிறுத்தாமல் சொல்லுவார். இங்கே காட்டில் திரியும் சிவப்பு நரியின் மண்டையைக் கொடுத்து, கண்குழிக்கு மேலே கூராக நீளும் எலும்பில் கட்டைவிரலை வைக்கச் சொல்லுவார். அதில் ஒரு பள்ளம் இருக்கும், விரல் பதியும். பிறகு நாயின் மண்டையைக் கொடுப்பார். அங்கே பள்ளம் இல்லை, விரல் வழுக்கிக்கொண்டு போகும். மேல்தாடையிலும் கீழ்த்தாடையிலும் ஒவ்வொரு பெரிய பல் கத்தரிக்கோலின் இரண்டு அலகு போல உரசி இறங்குவதைக் காட்டுவார். மூக்குக்குள் தாளைச் சுருட்டி வைத்தது போல மெல்லிய எலும்புச் சுருள்கள் இருக்கும். பிரஷ் பட்டால் உடைந்துவிடும் என்பதால் அதை நான் ஊதித்தான் துப்புரவாக்குவேன்.

போன பனிக்காலம் முடிகிற நேரம், வனவிலங்குக் காவலர் ஒருவர் ஒரு பெட்டியைக் கொண்டுவந்தார். ஷெஃபின் திறந்து பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். உள்ளே தோல் நீக்கிய ஒரு தலை இருந்தது. கண்ணுக்கு மேலே விரலை வைத்துப் பார்த்தேன். பள்ளம் இல்லை. நாயோ என்று கேட்டேன். நாய் இல்லை, ஷக்கால் என்றார். எங்கள் ஊரில் பொழுதுபட ஊளையிடுமே, அந்த நரியின் இனம். ஐரோப்பாவின் தென்கிழக்கிலிருந்து நடந்து நடந்து இந்த மலைகளுக்கு இப்போதுதான் ஒன்றிரண்டாக வரத் தொடங்கியிருக்கிறதாம். ஒருவரும் கூப்பிடாமல், கடுதாசி எதுவும் இல்லாமல், எல்லைகளைத் தாண்டி வந்திருக்கிறது. எங்கள் ஆள்தான் என்று நான் சொன்னேன். காவலர் சிரித்தார்.

அவர்தான் அது செத்த விதத்தைச் சொன்னார். பட்டப்பகலில் கிராமத்துக்குள் வந்ததாம். மனிதர்களைக் கண்டு ஓடவில்லை. வலப்பக்கமாகவே திரும்பித் திரும்பி வட்டமாக நடந்ததாம். இடப்பக்கத்தில் நின்ற ஆளை அது காணவே இல்லை, இடத் தோள்மூட்டு வேலிக் கம்பத்தில் இடித்தது, மாட்டுக் கொட்டில் கதவிலும் இடித்தது என்றார். நாய்களுக்குப் பிடிக்கிற விசர் நோயாக இருக்கும் என்று பயந்து நெஞ்சில் சுட்டிருக்கிறார். மிருக நோய் ஆய்வுகூடத்தில் மூளையை எடுத்துச் சோதித்ததில் விசர் இல்லை என்று தெரிந்தது. அவர்கள் விசரை மட்டும்தான் தேடினார்கள், அதற்குமேல் தனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மூளையை எடுப்பதற்காக ஆய்வுகூடத்தில் மண்டையின் மேல்மூடியை வாளால் அறுத்திருந்தார்கள். ஆகவே அது இரண்டாக வந்தது. முகமும் அடிப்பகுதியும் ஒன்றாக இருந்தன. மேல்மூடி தனியாக ஒரு பைக்குள், தசை ஒட்டியபடி கிடந்தது. ஊறவைத்து எடுத்த பிறகு, ஒரு காலையில் நான் முதலில் மேல்மூடியைத்தான் கையில் எடுத்தேன். தேங்காய்ச் சிரட்டைப் பாதி மாதிரி உள்ளங்கையில் அடங்கியது. உச்சியின் நடுவால் ஓடும் முகட்டை, தாடைத் தசைகள் பிடித்திருக்கும் இடம் அது, பிரஷால் தேய்த்துக்கொண்டு பின்பக்கம் போனேன். வலது பக்கத்தில் பிரஷ் எதிலோ தட்டியது.

ஒரு புடைப்பு. சுண்டங்காய் அளவில், எலும்போடு எலும்பாக, கெட்டியாக இருந்தது.

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. இத்தனை வருஷமாக நம்பாதவளின் கையில் உண்மையான நரிக்கொம்பு. கையைத் துடைத்துக்கொண்டு படம் எடுத்து இவருக்கு அனுப்பினேன். “இஞ்சருங்கோ, இண்டைக்கு நான் நரி முகத்தில முழிச்சிட்டன். உங்கட சொந்தக்காரர் ஒருத்தர் கொம்போட வந்திருக்கிறார்” என்று குரல் பதிந்தும் விட்டேன். இப்போது இவர் சமையல் வேலை செய்கிற குசினியின் பாத்திரச் சத்தத்துக்கு நடுவில் இருந்து பதில் வந்தது. “வடிவாக் கழுவும். என்ர அண்ணன் தம்பியாத்தான் இருக்கும்.”

சிரித்துக்கொண்டேதான் மூடியைப் புரட்டினேன்.

மண்டையின் உட்பக்கம் வழுவழுப்பாக இருக்கும். மூளையின் மடிப்புகள் பதிந்த மெல்லிய அடையாளங்களும் இரத்தக் குழாய்கள் ஓடிய கீறல்களும் மட்டும்தான் அங்கே தெரியும். எத்தனையோ மண்டைகளின் உட்பக்கத்தைக் குழாய்த் தண்ணீரில் பிடித்துப் பார்த்தவள் நான். இதில் அந்த வழுவழுப்பு இல்லை. பூக்கோவா என்கிற காலிஃபிளவரை நறுக்கி ஒட்டவைத்தது மாதிரி, மொக்கு மொக்காக ஓர் எலும்புக் கட்டி உள்ளே தொங்கியது. வெளியே இருந்த சுண்டங்காய் அதன் முளை மட்டும்தான். மூளைக்கென்று இருந்த அந்தச் சின்ன இடத்தில், பின்பக்கத்து வலது பாதியை அது பிடித்துக்கொண்டிருந்தது. அவ்வளவு பெரிது உள்ளே இருந்தது என்பதை வெளிப்பக்கம் காட்டவே இல்லை.

ஷெஃபினைக் கூப்பிட்டேன். அவர் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எலும்பில் வருகிற கட்டி என்றார். வெளியே இடம் இருந்தும் அது உள்ளேதான் போயிருக்கிறது என்றார். பாவம், அது இடித்துக்கொண்டு திரிந்தது இதனால்தான் என்றார்.

“இது வலப்பக்கத்தில் இருக்கிறதே. அது இடித்தது இடப்பக்கத்தில் அல்லவா” என்று கேட்டேன்.

“இடப்பக்கத்தில் இருப்பதை மூளையின் வலப்பக்கம்தான் பார்க்கிறது. நமக்கும் அப்படித்தான்” என்றார் ஷெஃபின். தன் பின்மண்டையில் வலது பக்கமாக ஒரு விரலை வைத்துக் காட்டினார். “இந்த இடம். கண் நன்றாகத்தான் இருக்கும். பார்வை இங்கேதான் நடக்கிறது.”

அவருடைய விரல் நின்ற இடம் எனக்குத் தெரிந்த இடம்.

எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. குழாயைப் பூட்டவில்லை. தொட்டி நிரம்பி, வழிந்து, என் சப்பாத்துக்குள் தண்ணீர் போனதுகூட எனக்கு உறைக்கவில்லை. ஷெஃபின்தான் வந்து பூட்டினார். உனக்கு என்ன என்று கேட்டார். என் கணவருக்கு இது இருக்கிறது என்றேன். எது என்று கேட்டார். இது என்று மூடியைக் காட்டினேன். அவர் என் மேலங்கியை எடுத்துவந்து கையில் தந்து, வீட்டுக்குப் போ என்றார்.

ரயிலில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் ஒவ்வொன்றாக வரத் தொடங்கியது. இவருடைய இடத் தோளில் எப்போதும் ஒரு கன்றல். கேட்டால் குளிர் அறைக் கதவில் இடிபட்டது என்பார். வீட்டிலும் கதவு நிலையில் இடிப்பார், எப்போதும் ஒரே பக்க நிலையில். சாப்பாட்டுக் கோப்பைக்கு இடப்பக்கத்தில் தேத்தண்ணீர்க் கிளாஸை வைத்தால் கைபட்டுக் கொட்டும். “கண் என்ன பிடரியிலயோ கிடக்கு?” என்று நான் ஏசுவேன். எத்தனை தரம் ஏசியிருப்பேன். பார்வை பிடரிப்பக்கத்தில்தான் இருக்கிறது என்று இன்றைக்குத்தான் ஒருத்தி எனக்குச் சொல்லியிருக்கிறாள். யன்னலுக்கு வெளியே பனி மூடிய காடு போய்க்கொண்டிருந்தது. அந்த நரி ஒருவருக்கும் தெரியாமல் இந்தக் காட்டுக்குள் எத்தனை மரத்தில் இடித்துக்கொண்டு திரிந்திருக்கும் என்றுதான் திரும்பத் திரும்ப நினைத்தேன்.

வீட்டுக்கு வந்தபோது இவர் மத்தியான வேலை முடித்து வந்து தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தார். “என்ன வெள்ளண வந்திட்டீர், கொம்பையும் கொண்டு வந்தனீரோ?” என்று சிரித்தார். நான் தலை முழுகவில்லை, மேலங்கியைக் கழற்றவில்லை. நேரே பின்னால் போய் நின்று முடியை விலக்கி விரலை வைத்தேன்.

வாழ்க்கையில் முதல்தரமாகத் தொட்டேன். ஒரு கடலை அளவு என்று நினைத்திருந்தேன். சாறு பிழிய வெட்டிய அரைத் தேசிக்காயைக் கவிழ்த்துவைத்தது மாதிரி இருந்தது. நரிக்கு வெளியே சுண்டங்காய்தான் இருந்தது.

“அட, கடைசியா அம்மாவும் நேர்த்திக்கு வந்திட்டா” என்றார் இவர் உள்ளறைப் பக்கம் திரும்பி. எங்கள் மகள் படித்துக்கொண்டிருந்தாள். அவள் முதியோர் இல்லம் ஒன்றில் பராமரிப்புத் தொழில் பழகுகிறாள். இறுதிச் சோதனை நெருங்கிக்கொண்டிருந்தது.

நான் நரியைப் பற்றிச் சொன்னேன். வெளியே இருந்ததையும் உள்ளே இருந்ததையும், அது வேலியில் இடித்ததையும் சொன்னேன். சொல்லச் சொல்ல மகள் கதவடிக்கு வந்து நின்றாள். இவர் சிரித்துக்கொண்டுதான் கேட்டார்.

“நரிக்கு வந்தா எனக்கும் வருமோ? விசர்க்கதை.”

“அப்ப ஏன் ஒவ்வொரு நாளும் நிலையில இடிக்கிறியள்?”

“உந்த வீட்டு நிலை ஒடுக்கம்.”

மகள் வந்து அவருக்கு முன்னால் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தாள். வேலையிடத்தில் பழக்கியிருப்பார்கள் போல. “அப்பா, என்ர மூக்கை மட்டும் பாருங்கோ. கண்ணை அசைக்கக் கூடாது. விரல் ஆடுறது தெரிஞ்சா சொல்லுங்கோ” என்றாள். இவரின் வலப்பக்கத்தில் கையைத் தூக்கி விரலை ஆட்டினாள். “தெரியுது” என்றார். மற்றக் கையை அவருடைய இடப்பக்கத்தில் தூக்கினாள். முகத்திலிருந்து ஒரு முழம்கூட இல்லை. விரல்கள் ஆடிக்கொண்டிருந்தன. இவர் அவளுடைய மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ம், ஆட்டன் பிள்ளை” என்றார். “ஏன் இன்னும் கையைத் தூக்காமல் இருக்கிறாய்?”

மகளின் கை அப்படியே நின்றது. இப்படி ஒரு பயத்தை, ஊரில் சண்டைக்காலத்தில் செல் வந்து விழுந்த நாட்களில்கூட நான் அறிந்ததில்லை. அதற்குச் சத்தம் இருந்தது, எந்தப் பக்கம் ஓடுவதென்று தெரிந்தது.

இவர் தலையைத் திருப்பிக் கையைப் பார்த்தார். பார்த்துவிட்டு எழுந்து போய்த் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார். அடுத்த நாள் வைத்தியரிடம் போவோம் என்றேன். மாட்டேன் என்றார்.

“பிள்ளையின்ர சோதினை முடியட்டும். அதுக்கு முதல் உதில ஒருத்தரும் கை வைக்கக் கூடாது.”

“ஏன்?”

“ஏனெண்டு உமக்குத் தெரியாதோ? எங்கட வழக்கு வெண்டது, வீடு கிடைச்சது, இவள் பிறந்தது, எல்லாம் உது வந்த பிறகுதான். இப்ப அதை எடுத்து எறிஞ்சுபோட்டு, பிள்ளை சறுக்கிச்செண்டா நான் என்ன செய்ய?”

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. “பிள்ளை படிச்சா பாஸ் பண்ணுவாள். தகப்பன் செத்தா என்ன பண்ணுவாள்?” என்று கத்திவிட்டேன். மகள் அழுதாள். இவர் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். போகும்போது இடத் தோள் நிலையில் இடித்தது. எங்கள் மூவருக்கும் அந்தச் சத்தம் கேட்டது.

பயந்துபோன மனுஷனோடு வாய் காட்டி ஒன்றும் நடக்காது என்று எனக்கு விளங்கியது. இவருக்குக் கையால் தொட்டதுதான் நம்பிக்கை. எங்கள் ஆட்கள் எல்லோரும் கையால் தொட்டுத்தானே நம்பினார்கள். ஷெஃபினிடம் கேட்டேன். கூட்டிக்கொண்டு வா என்றார். நரிக்கொம்பைக் காட்டுகிறேன் என்று சொல்லி, இவருடைய விடுமுறை நாளில் ரயிலில் கூட்டிக்கொண்டு போனேன். போகும் வழியெல்லாம் இவர் கோபமாக, யன்னல் பக்கம் திரும்பியபடி இருந்தார்.

கழுவும் அறையில் மேல்மூடி காய்ந்து, வெள்ளையாகக் கிடந்தது. இவர் கும்பிடப்போகிறவர் மாதிரி முதலில் கையைக் கழுவினார். நான் அதை அவருடைய கையில் வைத்தேன். வெளிப்பக்கத்துப் புடைப்பில் விரலை வைத்ததும் அவருடைய முகம் மலர்ந்தது. மற்றக் கையைத் தன் பின்மண்டைக்குக் கொண்டுபோய் இரண்டையும் ஒன்றாகத் தடவினார். “ஓம், இதேதான்” என்றார். “என்ர இன்னும் பெரிசு.”

“இப்ப உள்ளுக்குத் தடவிப் பாருங்கோ” என்றேன்.

கண்ணை மூடிக்கொண்டு விரலை உள்ளே விட்டார். விரல் அந்த மொக்குகளின் மேல் போனது. ஓரம் வரும் என்று தேடினார் போல. ஓரம் வரவில்லை, இன்னும் போனது, இன்னும் போனது. இவருடைய உதடு காய்வதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். தன் தலையில் இருந்த மற்றக் கையை மெதுவாக, நெருப்பில் இருந்து எடுப்பதுபோல எடுத்தார்.

“இதுக்குப் பின்னால மூளைக்கு எங்க இடம்?” என்று கேட்டார்.

ஷெஃபின் ஒரு கதிரையைக் கொண்டுவந்து அவருக்குப் பின்னால் வைத்தார். இவர் அதில் உட்காரவில்லை. மண்டையை இரண்டு கையாலும் ஏந்தி என்னிடம் திருப்பித் தந்தார்.

“வாரும், போவம்” என்றார். “இப்பவே போவம்.”

அதற்குப் பிறகு எல்லாம் கெதியாக நடந்தது. ஆஸ்பத்திரியில் தலையைப் படம் எடுத்தார்கள். வைத்தியர் திரையைத் திருப்பிக் காட்டியபோது, எனக்கு அவர் ஒன்றையும் விளங்கப்படுத்தத் தேவைப்படவில்லை. நரியின் கட்டி வேறு வகை, இவருடையது வேறு வகை என்றார். இவருடையது மூளையின் உறையில் தொடங்கி எலும்பைத் தடிக்கவைத்து வளர்ந்தது, மெதுவாக வளர்கிற சாதி, புற்றுநோய் அல்ல என்றார். ஆனால் உள்ளே ஒரு முழு ஆரஞ்சு, எங்கள் தோடம்பழம், அளவு இருந்தது. இன்னும் கொஞ்சக் காலம் விட்டிருந்தால் என்று தொடங்கிய வைத்தியர், என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

பிறகு இவரைப் பார்த்துக் கேட்டார். “இது இவ்வளவு பெரிதாக வளர்கிறவரைக்கும் ஒருவருமே கவனிக்கவில்லையா?”

நான் இவரைப் பார்த்தேன். இவர் நிலத்தைப் பார்த்தார். என்னவென்று சொல்வது. எங்களுக்குத் தெரிந்த தமிழர் முழுப்பேரும் கவனித்தார்கள். வந்து, விரலை வைத்து, அளந்து பார்த்து, வளந்திட்டுது அண்ணை என்று சந்தோஷப்பட்டுவிட்டுத் தேத்தண்ணீரும் குடித்துவிட்டுப் போனார்கள். தொடாதவள் நான் ஒருத்திதான். அந்த வைத்தியருக்கு இதை எந்தப் பாஷையில் சொன்னாலும் விளங்காது. ஒருவரும் கவனிக்கவில்லை என்று ஜெர்மனில் சொன்னேன்.

அறுவைச் சிகிச்சையில் அந்த எலும்பையும் கட்டியையும் எடுத்துவிட்டு, மண்டையில் செயற்கைத் தகடு ஒன்றை வைத்து மூடினார்கள். இடப்பக்கப் பார்வையில் கொஞ்சம் திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்றார்கள். இன்னும் வரவில்லை. குசினியில் கத்தி பிடிக்கிற வேலைக்கு இனி இவர் போக முடியாது. ஆஸ்பத்திரிக்கு அந்த முடிவெட்டும் தம்பி வந்தார். இப்போது அவரும் நரைத்துப்போன மனுஷன். கட்டிலடியில் நின்று, “அண்ணை, நான்தானே முதல் கண்டனான், என்ர வாயால நானே” என்று தொடங்கி விம்மி விம்மி அழுதார். இவர் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, “உனக்கு என்னடா தெரியும், எனக்கு என்ன தெரியும்” என்றார்.

மகளின் சோதனை நாள் வந்தபோது இவர் வீட்டுக்கு வந்துவிட்டார். தலையைச் சுற்றிக் கட்டு இருந்தது. காலையில் அவள் பையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, பழைய பழக்கத்தில் இவருடைய கதிரைக்குப் பின்னால் போய் நின்றாள். சின்ன வயதிலிருந்து எந்தப் பரீட்சைக்கும் அப்படி நின்று தொட்டுவிட்டுப் போனவள். கை பாதிவரை போய்விட்டது. கட்டைக் கண்டதும் கையை இழுத்துக்கொண்டாள். என்ன செய்வதென்று தெரியாமல் இடப்பக்கமாக வந்து நின்றாள். இவருக்கு அவள் நிற்பது தெரியவில்லை. வாசலைப் பார்த்து, “பிள்ளை வெளிக்கிட்டிட்டாளோ?” என்று என்னைக் கேட்டார்.

அவள் சுற்றிக்கொண்டு வலப்பக்கம் வந்து, கதிரையடியில் முழங்காலில் இருந்தாள். “அப்பா, போயிட்டு வாறன்” என்றாள்.

இவர் கையைத் தூக்கி அவளுடைய பின்மண்டையில் வைத்தார். ஆசீர்வாதம் என்றுதான் நான் நினைத்தேன். ஆனால் கை அங்கே நிற்கவில்லை. முடிக்குள் விரல்களை விட்டு, பிடரியிலிருந்து உச்சிவரை, ஒரு காதிலிருந்து மற்றக் காதுவரை, ஒரு இடமும் விடாமல் அழுத்தி அழுத்தித் தடவினார். அவளுக்குப் பின்னிய தலை குலைந்தது. ரயிலுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. அவள் அசையாமல் இருந்தாள்.

கடைசியில் கையை எடுத்தார்.

“ஒண்டும் இல்லை” என்றார். “சந்தோஷமாப் போயிட்டு வா.”